மாமா திருத்திய மணிக்கூடு

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது அதில் வானொலி இருக்கவில்லை. வானொலி இருந்த இடத்தில் ஒரு நீளமான ஓட்டை இருந்தது. பலெர்மோவில் பழைய கார்களுக்கு இது புதினமில்லை. எங்களுக்கு முன்னரே யாரோ வந்து கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா அந்த ஓட்டைக்குள் சிவப்புத் துணி விரித்துப் பிள்ளையாரை இருத்தினார். பக்கத்தில், பெல்லெக்ரினோ மலைக் குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவின் சிறிய படம் ஒன்றையும் சாய்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு ஏறிப் புனிதையைக் கும்பிடாத தமிழர் எங்கள் நகரத்தில் குறைவு. ஒருவர் பார்க்கத் தவறினால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்பது அம்மாவின் ஏற்பாடு.

இருவருக்கும் மேலே மணிக்கூடு. தீப்பெட்டி அளவுக் கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சை எண்களில் நேரம் எரியும். அப்பா அப்போது லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய மாடிக்கட்டடத்தின் படிகளைத் துடைக்கும் வேலையில் இருந்தார். அங்கே குடியிருந்த முதியவர் ஒருவர் கண் மங்கிக் கார் ஓட்டுவதை விட்டபோது அதை அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே மணிக்கூட்டைப் பற்றி எச்சரித்துவிட்டார். அது மனம் இருந்தால்தான் ஓடும். காலைக் குளிரில் ஒழுங்காக நேரம் காட்டும். கார் சூடேறியதும் எண்களில் ஒவ்வொரு கோடாக அழியும். எட்டு மூன்றாகும், மூன்று வெறும் கீறலாகும், பிறகு எல்லாம் இருட்டு. அப்பா விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். சிலவேளை மணிக்கூட்டுக்கு உயிர் வரும். சிலவேளை பிள்ளையார் மட்டும் ஆடுவார்.

எனக்கு எட்டு வயது. மணிக்கூட்டைவிட எனக்குப் பிடித்தது காரின் கூரை விளக்கு. கதவைத் திறந்தால் மங்கிய மஞ்சளாய் எரியும். சாத்தினால் உடனே அணையாது. நித்திரை வரும் குழந்தையின் கண்போல மெல்ல மெல்ல மூடும். அதற்கு நான் நிலா என்று பெயர் வைத்திருந்தேன். ஒரேத்தோ வீதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கீழே கார் நிற்கும்போது கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய், பின் இருக்கையில் படுத்து, கதவைத் திறந்து திறந்து சாத்தி நிலா பார்ப்பேன். பற்றரி இறங்கப்போகிறது என்று அப்பா பல்கனியில் நின்று சத்தம் போடுவார். தெருவில் போகும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலில் அது எனக்குக் கேட்காதது போலவே இருக்கும்.

அந்த மாசி மாதம் மாமா எங்களோடு இருந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வடக்கே போலோன்யாவில் ஒரு உணவுக்கடையின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தவர். கடை கைமாறியதும் வேலை போய், ஒரு பையோடு எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரில், யாழ்ப்பாணத்தில், இருந்த காலத்தில் ஃபோன் திருத்தும் கடையில் நின்றவர். மெல்லிய விரல்கள். அந்த விரல்களால் இப்போது நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பறிக்கப் போனார். மற்றத் தோட்டங்களில் பழம் முடிந்த பிறகு பழுக்கிற பிந்திய மந்தரின் அது. பின்னேரங்களில் அவரைக் கூட்டிவர அப்பா காரை எடுத்துக்கொண்டு போவார், நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன்.

அந்தப் பயணங்கள் எனக்கு இப்போதும் கனவில் வரும். மாமா இலையும் காம்புமாய் ஒரு பை பழத்தோடு முன்னால் ஏறுவார். கார் முழுக்க மணக்கும். நான் பின்னால் மல்லாந்து கிடப்பேன். ஜன்னலில் மரங்களின் தலைகள் மட்டும் போகும், பிறகு சுவர்கள், பிறகு பல்கனிகளில் காயும் உடுப்புகள், பிறகு ஒரு துண்டுக் கடல். மாமா பழத்தை உரித்து, திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு சுளையாகப் பின்னால் நீட்டுவார். பச்சை எண்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வரும். வீடு வந்து சேர்வதற்குள் நேரமே இல்லாமல் போய்விடும். நேரம் இல்லாத ஓர் இடத்துக்குள் நாங்கள் மூவரும் போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். அதில் எனக்கு ஒரு பயமும் இருந்ததில்லை.

அப்பாவும் மாமாவும் அதிகம் கதைத்துக்கொள்வதில்லை. கதைத்தால் அது நையாண்டி. மாமா குளிக்கப் போனால் பலெர்மோவுக்கே தண்ணீர் நின்றுவிடும் என்பார் அப்பா. ஈரத் துவாயைக் கதிரையில் போடுவது, ஃபோனில் உரக்கக் கதைப்பது, செருப்பை வாசலில் குறுக்கே விடுவது என்று அப்பாவின் முறைப்பாடுகள் நீண்டுகொண்டே போகும். அப்பாவுக்கு மாமா இருப்பது பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த வயதில் முறுமுறுப்பை முறுமுறுப்பாகவே எடுத்துக்கொள்வேன்.

மந்தரின் முடிந்தது. மாமாவுக்கு வேலை நின்றது. அதன் பிறகு அவர் சாப்பிடுவது குறைந்தது. அம்மா சோற்றைப் போட்டு அழைத்தால் வெளியில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார். வெளியில் அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பை நிறைய, மிஞ்சிய மந்தரின்களின் தோல் கிடக்கும். எங்கள் ஆட்களில் ஒரு ஆண் அக்காவின் வீட்டில் வேலையில்லாமல் இருந்து சாப்பிடுவது லேசான காரியமில்லை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு பிடியும் தொண்டையில் நின்றுதான் இறங்கும்.

ஒருநாள் மாமா ஜேர்மனிக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு களஞ்சியத்தில் வேலை பிடித்து வைத்திருந்தார். வரும் சனிக்கிழமை ஜெனோவாவுக்குக் கப்பல். அங்கிருந்து கூட்டாளி காரில் வந்து ஏற்றிக்கொள்வார். எல்லாம் பேசி முடிந்திருந்தது. முடியாமல் இருந்தது ஒன்றுதான். மாமாவின் புதிய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான கார்ட், இன்னும் கைக்கு வரவில்லை. விரலடையாளம் கொடுத்த ரசீது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் இருக்கலாம், எல்லை தாண்ட முடியாது. வழியில் எங்காவது மறித்துப் பார்த்தால் பத்து வருட இத்தாலி ஒரேயடியாகப் போய்விடும்; பிறகு இங்கேயும் வரமுடியாது, அங்கேயும் இருக்கமுடியாது. கார்ட் கிடைத்தால் பயமில்லை, பகலில் போகலாம், போன இடத்தில் முறைப்படி பதியலாம். இவ்வளவும் அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அப்பாவிடம் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வளந்த ஆம்பிளை. போறவன் போகட்டும். நீர் வேணுமெண்டால் மறியும்."

"பயணம் வெளிக்கிடுறவனை எப்பிடியப்பா மறிக்கிறது. பேந்து வழியிலை ஏதும் நடந்தால் என்ரை வாயெண்டுதானே வரும்" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்துக்காரர் பயணம் புறப்படுகிறவரை எங்கே என்றும் கேட்கமாட்டார்கள், போகாதே என்றும் சொல்லமாட்டார்கள். சொன்ன சொல் காலில் தடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அம்மா அதில் மிகவும் கெட்டி. இன்னொன்றும் உண்டு. கையில் வேலையில்லாத மனிதனிடம் இருந்துவிட்டுப் போ என்று சொன்னால் அது இரக்கம் மாதிரிக் கேட்கும். மாமா அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவார். ஆகவே வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லோரும் மாமாவின் புதுச் சப்பாத்தைப் பற்றியே கதைத்தார்கள்.

எனக்கு எல்லைகளைப் பற்றிக் கவலையில்லை. மாமா போய்விட்டால் சுளை நீட்ட ஆளில்லை. அதுவே எனக்குப் போதுமான துக்கமாக இருந்தது. பிள்ளையாரிடம் தமிழிலும் சாந்தா ரொசாலியாவிடம் சிசிலியன் கலந்த இத்தாலியனிலும் தனித்தனியே வேண்டிக்கொண்டேன். ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அம்மா புதிதாக ஒன்றைக் கிளப்பினார். மாமாவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டியவர் அப்பாதான். போகவேண்டியது எங்கள் காரில்தான். அதில் இருக்கிறதோ நின்று நின்று ஓடுகிற மணிக்கூடு.

"நிண்ட மணிக்கூடு இருக்கிற வண்டியிலை என்ரை தம்பி தூரப் பயணம் வெளிக்கிடக் கூடாது. சகுனப்பிழை."

மாமா சிரித்தார். அவ்வளவுதானே, திருத்திவிட்டால் போச்சு என்றார். அம்மாவுக்கு அது வாய் தவறி விழுந்த விஷயம்போல ஆகிவிட்டது. தன் தம்பி என்ன தொழில் தெரிந்தவர் என்பதை அந்த நேரம் பார்த்து அவர் மறந்திருந்தார்.

அன்று பின்னேரமே மாமா வேலையைத் தொடங்கினார். பிள்ளையாரையும் ரொசாலியாவையும் தூக்கி என் மடியில் தந்துவிட்டு, வானொலி ஓட்டைக்குள் கையை விட்டுப் பின்னாலிருந்து தள்ள, மணிக்கூடு பல் கழன்றதுபோல வெளியே வந்தது. அதைக் குசினி மேசைக்குக் கொண்டுபோய்ப் பேப்பர் விரித்துத் திறந்தார். கண்ணில் ஒரு சிறு பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். ஈயம் வைத்த ஒரு பொட்டைச் சுற்றி மயிரிழையளவு வெடிப்பு. சூட்டில் அந்த வெடிப்பு விரிகிறது, தொடர்பு அறுகிறது, குளிரில் திரும்ப ஒட்டுகிறது என்றார். சூட்டுக்கோலால் ஒரு தொடுகை. நூல்போல் ஒரு புகை. பழைய அடப்டர் ஒன்றின் வயரைத் தொடுத்ததும் எண்கள் ஒரு கோடும் குறையாமல் பச்சையாக எழுந்தன. நான் கை தட்டினேன், பிறகுதான் என்ன நடந்துவிட்டது என்று விளங்கி நிறுத்தினேன். அடுப்பருகில் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வியாழனும் வெள்ளியும் மணிக்கூடு ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், ஓடியது. காரை வெயிலில் விட்டுப் பார்த்தார், அப்போதும் ஓடியது. நல்ல வேலைக்காரன் என்று மாமாவை முதன்முறையாகப் புகழ்ந்தார். அவர் முகம் புகழ்கிறவரின் முகம்போல இருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கழிந்து, காரைச் சூடாக்கி வைக்கிறேன் என்று சொல்லி அப்பா முதலில் இறங்கிப் போனார். நான் பல்கனிக் கம்பிக்கிடையில் தலையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. அப்பாவின் இரண்டு கால்களும் தெருவில் இருந்தன. மீதி அப்பா ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடுகிறவர்போலக் குனிந்து உள்ளே போயிருந்தார். குனிந்தால் நாரி நோகுமென்று வீட்டில் கீழே விழுந்த கரண்டியைக்கூட எடுக்காத மனிதர். மாமாவின் பயணத்துக்காகக் கால்விரிப்பைத் தட்டுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோசமா இவருக்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

பை இறங்கியது. அம்மா உளுந்துவடைப் பார்சலோடு இறங்கினார். மாமா புதுச் சப்பாத்தோடு இறங்கினார். அம்மா முன் ஜன்னலால் குனிந்து பிள்ளையாரைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தார். கறுப்பு. ஒரு கோடு இல்லை. அம்மா வடைப் பார்சலோடு திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

"என்ன செய்யிறது. பழைய கார்" என்றார் அப்பா, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

மாமா காரின் கதவைத் திறந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். கதவைச் சாத்தி இன்னொருமுறை திறந்தார், இன்னொருமுறை கூரையைப் பார்த்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பல்கனியில் ஒருத்தி கம்பளத்தை உதறி, மடித்து, உள்ளே போய்விட்டாள். அதுவரை இருவரும் அசையவில்லை.

"அத்தான், இது பெரிய வேலை போலை கிடக்கு" என்றார் மாமா.

"பாத்துச் செய். அவசரமில்லை" என்றார் அப்பா.

துறைமுகத்துக்கு எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் போகும். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் போய்ச் சேரலாம். இது எனக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பையை அவரே தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். சூடு ஆறாத வடையை நாங்கள் நால்வரும் குசினியில் இருந்து தின்றோம். அம்மா மாமாவின் தட்டில் இன்னும் இரண்டை வைத்தார், அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. நான் கீழே ஓடிப்போய் இரண்டு தெய்வங்களுக்கும் நன்றி சொன்னேன்.

அன்று தொடங்கியதுதான் என் வாழ்க்கையின் மிக நீண்ட வசந்தம். மாமா ஒவ்வொரு கிழமையும் மணிக்கூட்டைக் கழற்றுவார். குசினி மேசையில் பேப்பர் விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, பெரிய வைத்தியர்போல இருப்பார். இப்போது அவர் மேசையில் இருப்பது வேலைக்காக. ஆகவே அம்மா பக்கத்தில் சோறு வைத்தால் கையைக் கழுவிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்பாவுடைய காருக்கு வேலை செய்கிற மனிதர் அப்பாவுடைய சோற்றைச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லையே.

அதில் ஒரு அதிசயம் இருந்தது. அடப்டரில் தொடுத்தால் மேசையில் மணிக்கூடு ஓடும். காருக்குள் கொண்டுபோய்ப் பூட்டினால் இருட்டாகிவிடும். மேசையில் ஓடுகிறது, காரில் ஓடுதில்லை, என்ன மாயம் பிள்ளை என்று மாமா என்னிடம் கேட்பார். நான் யோசித்து, அதற்கு மாமா போவது விருப்பமில்லை என்று சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. ஓம், அப்படித்தான் இருக்கும் என்றார்.

உதிரிச் சாமான் தேடி என்னையும் கூட்டிக்கொண்டு பலரோ சந்தைக்குப் போவார். நிலத்தில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கிறவர்களிடம் உடைந்த மணிக்கூடுகள், ரிமோட்கள், பொம்மையின் கைகள் எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். மாமா ஒவ்வொன்றாய் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, இதில்லை என்று வைப்பார். எதைத் தேடுகிறார் என்று விற்பவர் கேட்டால் தோளைக் குலுக்குவார். பிறகு எனக்குக் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தருவார். வெயில் இளஞ்சூடாக இருக்கும். எங்கிருந்தோ தோடம்பூ மணம் வரும். நாங்கள் வெறுங்கையோடு மெதுவாக வீட்டுக்கு நடப்போம்.

பின்னேரங்களில் நான் காரின் பின் இருக்கையில் படுத்திருந்தேன். இப்போது நிலா இல்லை. கதவைத் திறந்தாலும் கூரை விளக்கு எரியவில்லை. மணிக்கூட்டின் கவலையில் அதுவும் சேர்ந்து நோய்வாய்ப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமா தங்குவதற்காக நான் கொடுத்த விலை அது என்று எனக்குள் ஒரு பெருமை. இருண்ட மணிக்கூட்டுக் கண்ணாடியில் தெருவின் உடுப்புகளும் மேகங்களும் மிகச் சிறியதாகத் தெரியும். ஒரு சிவப்புச் சட்டை, ஒரு விரிப்பு, ஒரு புறா. நேரம் நின்றுவிட்டது, இனி எவரும் எங்கும் போகத் தேவையில்லை என்று நினைத்தபடி தூங்கிப்போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காரில் மலைக்குப் போனோம். அதற்கு அம்மாவின் சகுனம் தடையாக இருக்கவில்லை. கிட்டப் பயணத்துக்கு அது பார்ப்பதில்லையாம்.

ஜேர்மனிக் கூட்டாளி ஃபோன் எடுத்துக் கத்துவது வெளியே கேட்கும். மாமா பொறுமையாக வாகனம் பழுது என்பார். சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அம்மா பொங்கினார். மாமாவின் ஈரத் துவாய் கதிரையில் கிடந்தது, அப்பா முறுமுறுத்துக்கொண்டே எடுத்துக் கொடியில் போட்டார்.

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மாமாவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, வந்து கார்ட்டைப் பெற்றுக்கொள்ளும்படி. மாமா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா வெங்காயத்தோடு சேர்த்து அழுதார். மாமா போய்ப் புதிய கார்ட்டோடு வந்தார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்; அதிலிருந்த மாமா யாரையோ கண்டு பயந்தவர்போல இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா மறுபடியும் காரைச் சூடாக்கப் போனார். நான் மறுபடியும் பல்கனியில். மறுபடியும் இரண்டு கால்கள் தெருவில். அப்பா நிமிர்ந்து நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்திருந்த காருக்குள், பட்டப்பகலில் சரியாகத் தெரியாவிட்டாலும், கூரையில் மஞ்சளாய் ஏதோ இருந்தது. நிலா. நான் படிகளில் பறந்து இறங்கினேன். நிலா எரிந்தது. அதோடு மணிக்கூடும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த சந்தோசத்தையும் துக்கத்தையும் பிரித்துச் சொல்ல இப்போதும் முடியவில்லை. மணிக்கூடு அப்போதுதான் பிறந்ததுபோலப் பன்னிரண்டு மணி ஏழு நிமிடம் என்றது. உண்மையில் பின்னேரம் ஆகியிருந்தது. அம்மா குனிந்து அதைப் பார்த்தார், ஓடுது, இனிப் பயமில்லை என்றார். சகுனத்துக்கு ஓடினால் போதும், சரியான நேரம் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் பின்னால் ஏறி, எட்டி, ரொசாலியாவின் படத்தைத் தலைகீழாக்கி வைத்தேன். பிள்ளையாரைத் திருப்பப் பயமாக இருந்தது. அம்மாவும் வந்து என் பக்கத்தில் ஏறினார்.

துறைமுகத்துக்கு வெளியே அப்பா காரை நிறுத்தினார். கப்பல் ஒரு மாடிக்கட்டடம்போல நின்றது. மாமா உடனே இறங்கவில்லை. விரலை நீட்டி மணிக்கூட்டின் பொத்தானை அழுத்தி அழுத்திச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கையை எடுக்காமல் அந்தக் கண்ணாடியின் மேலேயே வைத்திருந்தார்.

"நல்லாய் ஓடுது அத்தான்."

"ஓம். நீ திருத்தினதுதானே" என்றார் அப்பா.

மாமாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. பிரிகிற துக்கம் என்று நினைத்தேன். அவர் திரும்பி என் கன்னத்தைத் தொட்டார், விரலில் ஈய மணம். போட்டு வாறன் என்று மூவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். கடைசிவரை எண்களில் ஒரு கோடும் அழியவில்லை.

மாமா அங்கே நன்றாக இருக்கிறார். கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகள். கோடைக்கு வருவார். கார் இன்னும் அப்பாவின் வீட்டுக்குக் கீழே நிற்கிறது. அப்பாவைப்போலவே காலையில் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் எழும்பும். இப்போது பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் மணிக்கூடு மறுபடி நின்றது. பழைய வெடிப்பு என்று எண்ணி, கார் மின்வேலை பார்க்கும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். அந்த மனிதர் கதவைத் திறந்து முதலில் கூரையைத்தான் பார்த்தார். விளக்கும் எரியவில்லையே, இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ், தொழில் தெரிந்த யாரும் கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுவார்கள் என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு மூடியைக் கழற்றி, நகமளவு சாமான் ஒன்றை இழுத்தெடுத்து வேறொன்றைச் சொருகினார். அவருடைய இரண்டு கால்களும் தெருவில் இருந்தன.

அந்தக் கால்களை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலை முடிந்தது என்று அவர் சொன்ன பிறகும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து மேலே ஏறினேன். அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். காருக்கு என்னவாம் என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். ஃபியூஸ் என்றேன்.

"இடப்பக்கம், மேலையிருந்து மூண்டாவது. உதுக்கு ஏன் கடைக்குப் போனனீ" என்றார். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவர்போலப் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் இடியப்பத்தட்டை அடுக்கினார். அவருடைய தலைக்கு மேலே சுவரில் எங்கள் குசினி மணிக்கூடு இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அது நாலு மணி பத்து நிமிடத்தில் நிற்கிறது. அதன் கீழேதான் அம்மா சமைத்தார். அதன் கீழேயிருந்துதான் நாங்கள் ஒவ்வொருவரும் எத்தனையோ பயணம் வெளிக்கிட்டோம். அம்மா ஒருநாளும் அதற்கு ஒரு பற்றரி போட்டதில்லை.

அதே மணிக்கூட்டுக்கு நேர் கீழே, அதே மேசையில், பழுதில்லாத ஒரு சாமானை மாமா அந்த வசந்தம் முழுவதும் பூதக்கண்ணாடி வைத்துத் திருத்தினார். பக்கத்தில் அம்மா சோறு போட்டார். அப்பா எட்டிப் பார்த்து என்ன மாதிரி என்று விசாரித்தார். அந்த வீட்டில் மணிக்கூடு பழுது என்று நம்பியது நான் ஒருத்திதான்.